உலாவியை இயக்கும் சோதனை நிரல்

வலைப்பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் செலினியம் 2004-இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. அங்கே ஓர் உள் அலுவலகச் செயலியை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் கையால் கிளிக் செய்து சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையைக் குறைக்க ஜேசன் ஹக்கின்ஸ் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலே அதன் முதல் வடிவம்.

அது சோதிக்கப்படும் பக்கத்துக்குள்ளேயே ஓடியது; அதுவே அதன் பலவீனமும்கூட. ஒரு தளத்தின் நிரல் வேறொரு தளத்தின் பக்கத்தைத் தொட உலாவிகள் விடுவதில்லை. பயனரின் பாதுகாப்புக்கு இந்தத் தடை மிக அவசியம். ஆகவே இடையில் ஒரு ப்ராக்ஸி சர்வரை வைத்து, நிரலும் பக்கமும் ஒரே இடத்திலிருந்து வருவதாக உலாவியை நம்பவைத்தார்கள். வேலை நடந்தது, ஆனாலும் அது ஒட்டுப்போட்ட தீர்வுதான்.

உண்மையான திருப்பம் சைமன் ஸ்டூவர்ட்டின் வெப்டிரைவர். அது உலாவியை வெளியிலிருந்தே இயக்கியது. இரண்டும் இணைந்து 2011-இல் செலினியம் 2 வெளிவந்தது. பக்கம் முழுதாக வருமுன்னே பொத்தானைத் தேடிச் சோதனை தோற்கும் தொல்லை மட்டும் நீடித்தது. இத்தனை நொடி நில் என்று எழுதுவதைவிட, பொத்தான் தோன்றும்வரை காத்திரு என்று எழுதுவதே சரியான முறை. பின்னர் 2018 ஜூனில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெப்டிரைவரை அதிகாரபூர்வத் தரமாக வெளியிட்டது.