விசிறி இல்லாத வீட்டுக் கணிப்பொறி

வயதான தாய் தந்தையர்க்கு ஒரு கணிப்பொறி அமைத்துத் தரவேண்டும் என்று பிள்ளைகள் எண்ணுவது இன்று வழக்கமாகிவிட்டது. அயலூரில் வாழும் பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசவும், செய்தி படிக்கவும், பழைய பாடல்களைக் கேட்கவும், மின்கட்டணம் செலுத்தவும் அது உதவும். இத்தகைய கணிப்பொறிக்கு இரண்டு இலக்கணங்கள் போதும். விலை குறைவாக இருக்க வேண்டும். கூடத்தில் வைத்தால் இரைச்சல் போடாதிருக்க வேண்டும்.

இவ்விரண்டும் சேர்ந்து கிடைக்கமாட்டா என்று பலர் கருதுகின்றனர். இரைச்சல் இல்லாத பொருள் உயர்ந்த ரகம், ஆகவே விலையும் உயர்வாகத்தான் இருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் வீட்டுக் கணிப்பொறியின் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. விலையையும் இரைச்சலையும் ஒருசேர உயர்த்துகின்ற பொதுக் காரணம் ஒன்று உண்டு. அது வெப்பமே.

இரைச்சல் அவ்வளவு பெரிய குறையா என்று கேட்கலாம். முதுமையில் செவியின் திறன் குன்றும்போது, உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே முதலில் குறைகிறது. 'ச', 'த' போன்ற மெய்யொலிகள் தெளிவிழக்கின்றன. அத்துடன் பின்னணி இரைச்சலும் சேர்ந்துவிட்டால் பேச்சைப் பிரித்தறிவது மிகவும் கடினமாகிறது. இளைஞருக்கு விசிறியின் ஓசை ஒரு சிறு தொல்லை. முதியவருக்கோ அது பேரனின் சொற்களையே விழுங்கிவிடக் கூடும்.

உள்ளே மின்சாரம், வெளியே வெப்பம்

மின்விளக்கிற்கு அளிக்கும் மின்னாற்றலில் ஒரு பகுதி ஒளியாக வெளியேறுகிறது. மின்மோட்டார் நீரை மேல்தொட்டிக்கு ஏற்றுகிறது. கணிப்பொறி செய்வதோ கணக்கு. கணக்கின் விடை ஆற்றலைச் சுமந்துகொண்டு வெளியே செல்வதில்லை. ஆகவே கணிப்பொறியினுள் புகும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. 100 வாட் உண்ணும் கணிப்பொறியை 100 வாட் அடுப்பு என்றே கூறலாம்.

இவ்வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் உறுப்புகள் கெடும். வெளியேற்ற விசிறி வேண்டும். விசிறி சுழன்றால் ஓசை எழும். பெரிய மின்வழங்கி, உலோகப் பெட்டி, வெப்பத்தைக் கடத்தும் தகடுகள் ஆகிய அனைத்துக்கும் பணமும் வேண்டும்.

1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மக்கள் பார்வைக்கு வந்த எனியாக் கணிப்பொறியை நோக்குவோம். அதில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. எடை 30 டன். அது உண்ட மின்திறன் 150 கிலோவாட். பழைய வால்வு ரேடியோவின் பின்புறத்தைத் தொட்டவர்களுக்கு அங்கே எழும் சூடு தெரியும். ரேடியோவில் இருந்தவை நாலைந்து வால்வுகளே. 18,000 வால்வுகளைக் குளிர்விக்கப் பெரிய காற்றூதிகள் ஓயாமல் இயங்க வேண்டியிருந்தது. அத்தகைய பொறி வீட்டுக்கு வருவது கனவிலும் இயலாத காரியம்.

வால்வுக்குப் பின் டிரான்சிஸ்டரும், அதன்பின் பல டிரான்சிஸ்டர்களை ஒரே சிலிக்கன் துண்டில் அமைக்கும் முறையும் வந்தன. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1975இல் சக் பெடில் குழுவினர் வடிவமைத்த 6502 என்னும் சில்லு 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அப்போது அதனோடு ஒப்பிடத்தக்க சில்லுகளின் விலை 100 டாலருக்கு மேல். தனி மனிதர் தம் கைப்பணத்தில் கணிப்பொறி அமைக்கலாம் என்ற நிலை இங்கேதான் பிறந்தது.

அமைதிக்கு ஒரு வழி, ஒரு வழு

6502 சில்லைக் கொண்டு ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் 2 கணிப்பொறி 1977இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இது வீட்டில் வைக்கும் பொருள். ஆகவே விசிறியே கூடாது என்று அவருடைய கூட்டாளி ஸ்டீவ் ஜாப்ஸ் வற்புறுத்தினார். அதற்கு வழி கண்டவர் ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர்.

அந்நாளைய மின்வழங்கிகள் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை வெப்பமாக எரித்தே சரியான அளவைக் காத்தன. குழாயை முழுதும் திறந்துவைத்து, மிகையான நீரை வழிய விட்டு, தொட்டியின் மட்டத்தைக் காப்பது போன்றது அது. ஹோல்ட் கையாண்ட முறையில் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடப்படுகிறது. தேவையான அளவே உள்ளே செல்வதால் வீணாகும் வெப்பம் வெகுவாகக் குறைகிறது. இம்முறை முன்பே தெரிந்திருந்ததுதான். ஆயினும் அதை ஒரு வீட்டுப் பொறியில் வைத்து விசிறியை நீக்கிக் காட்டியது ஹோல்டின் சாதனை. ஆனால் 4 கிலோபைட் நினைவகத்துடன் ஆப்பிள் 2இன் விலை 1,298 டாலர். சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை.

1980இல் வந்த ஆப்பிள் 3இலும் விசிறி இல்லை. வெப்பத்தைக் கடத்தக் கனத்த அலுமினிய அடிப்பாகம் அமைத்தனர். ஆனால் முதலில் விற்பனையான பொறிகள் பல பழுதுற்றன; சில்லுகள் தாங்கிகளினின்று தளர்ந்தன. பொறியைச் சில அங்குலம் தூக்கி மேசைமீது விட்டால் சில்லுகள் மீண்டும் பொருந்தும் என்று வாங்கியோர்க்கு யோசனை கூறும் அளவுக்கு நிலைமை சென்றது. உள்ளே மிகுந்த வெப்பமும், சுற்றுப்பலகையின் நெருக்கமும் காரணங்களாகக் கூறப்பட்டன. நிறுவனம் பொறிகளை மாற்றித் தர நேர்ந்தது. 1984இல் அவ்வகையைக் கைவிட்டது. வெப்பத்தைக் குறைக்காமல் விசிறியை மட்டும் நீக்கினால் என்ன நேரும் என்பதற்கு ஆப்பிள் 3 ஒரு பாடம்.

நாமே பற்றவைத்த கணிப்பொறி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கிளைவ் சின்கிளேர் விலையைக் குறைப்பதையே குறிக்கோளாகக் கொண்டார். 1980இல் அவர் வெளியிட்ட இசட்எக்ஸ் 80 கணிப்பொறி, முழுமையாகப் பொருத்தியது 99.95 பவுண்டு, உறுப்புகளை வாங்கி நாமே பற்றவைத்துக்கொள்ளும் தொகுதி 79.95 பவுண்டு. மறு ஆண்டு வந்த இசட்எக்ஸ் 81 முறையே 69.95, 49.95 பவுண்டுக்குக் கிடைத்தது.

இவ்வளவு மலிவாகத் தர எப்படி முடிந்தது? இசட்எக்ஸ் 80இல் இருபதுக்கு மேற்பட்ட சில்லுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் வேலையை ஃபெரான்டி நிறுவனத்தின் ஒரே சில்லில் அடக்கியதால் இசட்எக்ஸ் 81இல் நாலைந்து சில்லுகளே போதுமாயின. தனித் திரை இல்லை. வீட்டிலிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. தனிச் சேமிப்பகம் இல்லை. பாட்டுக் கேட்கும் கேசட் ரிக்கார்டரே சேமிப்பகம். மின்மாற்றியைப் பெட்டிக்கு வெளியே தள்ளிவிட்டனர். சுழலும் உறுப்பு ஏதும் உள்ளே இல்லாததால் ஓசையும் இல்லை. மலிவுக்காகச் செய்த சுருக்கமே அமைதியையும் தந்தது. குறைகள் இல்லாமல் இல்லை. நினைவகம் 1 கிலோபைட்தான். மின்னழுத்தச் சீராக்கி பழைய முறையில் இயங்கியதால் உள்ளே ஓர் உலோகத் தகடு சூடேறும். ஆயினும் லட்சக்கணக்கான குடும்பங்கள் முதன்முதலாகக் கணிப்பொறியைத் தொட்டது இதன் மூலமே.

பிளாஸ்டிக் உறையின் கொடை

அதே கேம்பிரிட்ஜில் சின்கிளேருக்குப் போட்டியாக இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981இல் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறியை வெளியிட்டது. அதிலும் இருந்தது 6502 சில்லே. அடுத்த தலைமுறைக்கு விரைவான சில்லு தேவைப்பட்டபோது, அதைத் தாமே வடிவமைக்க ஏகார்ன் துணிந்தது. சோஃபி வில்சன் அதன் கட்டளைத் தொகுதியை வகுத்தார். ஸ்டீவ் ஃபர்பர் உள்ளமைப்பை வரைந்தார்.

அவர்களுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. விலை குறைய வேண்டுமானால் சில்லை விலை மிகுந்த பீங்கான் உறையில் வைக்க இயலாது. பிளாஸ்டிக் உறையிலேயே வைக்க வேண்டும். பிளாஸ்டிக் வெப்பத்தை நன்கு கடத்தாது. எனவே சில்லு 1 வாட்டுக்கு மேல் உண்ணக் கூடாது. எவ்வளவு உண்ணும் என்று முன்கூட்டியே துல்லியமாகக் கணக்கிடும் கருவிகள் அவர்களிடம் இல்லாததால், ஒவ்வோர் இடத்திலும் சிக்கனம் பார்த்தனர். முடிவில் அது உண்டது சுமார் பத்தில் ஒரு பங்கு வாட் மட்டுமே.

1985 ஏப்ரல் 26ஆம் நாள் முதல் சில்லு கைக்கு வந்தது. அதைச் சோதனைப் பலகையில் பொருத்தினர், வேலை செய்தது. ஆனால் அது எவ்வளவு மின்னோட்டம் உண்கிறது என்று ஃபர்பர் அளந்தபோது மானி சுழியைக் காட்டியது. ஆராய்ந்ததில், மின்சாரம் தரும் இணைப்பே கொடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. அக்கம்பக்கத்துச் சில்லுகளின் குறிப்பலைக் கம்பிகள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது! அச்சில்லே ஆர்ம். இன்றைய கைப்பேசிகளில் ஏறக்குறைய அனைத்திலும் அதன் வழித்தோன்றல்களே இருக்கின்றன.

சூடேறிய ஆண்டுகள்

இதனிடையே மேசைக் கணிப்பொறிகள் வேறு பாதையில் சென்றன. 1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியின் மின்வழங்கியிலேயே ஒரு விசிறி இருந்தது. பின்னர்ச் சில்லுக்கும் தனி விசிறி வந்தது.

காரணத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். சில்லு உண்ணும் மின்திறன் அதன் துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. வேகம் இருமடங்கானால் திறன் இருமடங்கு. மின்னழுத்தம் பாதியானால் திறன் கால்பங்கு. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்தால் வெப்பம் மிகாது என்று ஐ.பி.எம். ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டும் அவர் துணைவர்களும் 1974இல் காட்டினர். ஆனால் 2000த்தை அடுத்த ஆண்டுகளில் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாத நிலை வந்தது. குறைத்தால் டிரான்சிஸ்டர்கள் சரிவர மூடாமல் மின்சாரம் கசியத் தொடங்கிற்று. வேகத்தை மட்டும் கூட்டியதால் 2004ஆம் ஆண்டளவில் சில மேசைக் கணிப்பொறிச் சில்லுகள் 100 வாட்டைத் தாண்டின. அவ்வாண்டிலேயே இன்டெல் தன் அடுத்த அதிவேகச் சில்லுத் திட்டத்தைக் கைவிட்டு, மிதமான வேகமுடைய பல செயலகங்களை ஒரே சில்லில் வைக்கும் முறைக்குத் திரும்பியது.

2012 பிப்ரவரி 29ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்து மீண்டும் ஒரு மலிவான கணிப்பொறி வந்தது. எபன் அப்டனும் அவர் நண்பர்களும் மாணவர்க்காக உருவாக்கிய ராஸ்பெரி பை அது. விலை 35 டாலர். உள்ளே ஆர்ம் சில்லு. உண்பது சுமார் 3 வாட். விசிறி இல்லை. பி.பி.சி. மைக்ரோவை நினைவுகூர்ந்து அதன் வகைகளுக்கும் 'மாடல் ஏ', 'மாடல் பி' என்றே பெயரிட்டனர். எனியாக்குடன் ஒப்பிட்டால் இது உண்ணும் திறன் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு! 2020இல் இவ்வகைக் கணிப்பொறி விசைப்பலகைக்குள்ளேயே அடங்கி வெளிவந்தது. விசைகளுக்கு அடியில் ஓர் உலோகத் தகடு வெப்பத்தைப் பரப்பியது. 2023இல் வேகம் கூடிய 5ஆம் வகை வந்தபோதோ, கடும் வேலைக்கு ஒரு சிறு விசிறி மீண்டும் தேவைப்பட்டது. இயற்பியல் விதி யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

நாமே அமைக்கும்போது

இவ்வரலாற்றினின்று, பெற்றோருக்குக் கணிப்பொறி அமைக்க விரும்புவோர் சில விதிகளைப் பெறலாம்.

முதலாவது, வேகத்தைக் கேட்கும் முன் வாட்டைக் கேட்க வேண்டும். முகம் பார்த்துப் பேசவும் செய்தி படிக்கவும் சிறு சில்லே போதும். 10 அல்லது 15 வாட் சில்லுக்கு மின்வழங்கியும் சிறிது, பெட்டியும் சிறிது, விலையும் சிறிது.

இரண்டாவது, சுழலும் தட்டுக்கு மாறாகத் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்த வேண்டும். அதில் அசையும் உறுப்பே இல்லை.

மூன்றாவது, விசிறி தவிர்க்க முடியாததானால் பெரியதாக, மெதுவாகச் சுழல்வதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை சுமார் 15 டெசிபெல் குறையும். 80 மில்லிமீட்டர் விசிறி விரைந்து சுழன்று தள்ளும் காற்றை 120 மில்லிமீட்டர் விசிறி நிதானமாகவே தள்ளிவிடும்.

நான்காவது நம் நாட்டுக்கே உரியது. விசிறி இல்லாத பொறி, சுற்றியுள்ள காற்றைவிடத் தான் சூடாக இருப்பதால்தான் வெப்பத்தை இழக்கிறது. 20 பாகை அறையில் ஒழுங்காக இயங்குவது, சித்திரை வெயிலில் 38 பாகை அறையில் திணறக் கூடும். எனவே அலமாரிக்குள் அடைக்காமல், தூசி துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

கண்காட்சிகளில் வேகத்தைக் காட்டிப் புகழ் பெற்ற கணிப்பொறிகள் பல. கூடத்தில் ஒரு மூலையில், இருப்பதே தெரியாமல் இயங்கும் கணிப்பொறிக்கு அப்புகழ் கிட்டுவதில்லை. ஆயினும் வீண் வெப்பத்தைக் குறைக்க ஹோல்டும் வில்சனும் ஃபர்பரும் உழைத்ததன் பயன்தான், இன்று ஒரு பாட்டி தன் பேத்தியின் மழலையை ஒரு சொல்லும் விடாமல் கேட்பது.