வட்டையின் காபன் கணக்கு

கல்முனைக்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை என்னும் வயல்வெளி. மாரியில் அந்தத் தாழ்நிலத்தில் வெள்ளம் நிற்பதும் கோடையில் வடிந்து சேறு வெடிப்பதும் பழங்காலந்தொட்டு நடந்துவருபவை. இத்தகைய வெப்பமண்டல ஆற்றுவெளிகள் பெருமளவு காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. அமேசன் படுகையின் நீர்ப்பரப்புகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 50 கோடி தொன் காபன் வளியில் கலப்பதாக 2002இல் ஒரு மதிப்பீடு வெளியானது. அதை வைத்து ஆற்றுவெளியைக் குற்றவாளியாக்குவது தவறு. அந்தக் காபனில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2014இல் விடை கிடைத்தது. வெள்ளக்காட்டு மரங்களும் மிதக்கும் புற்களும் வளியிலிருந்து இழுத்த காபனையே வேர்களின் வழியாகவும் அழுகும் இலைகளின் வழியாகவும் நீருக்குக் கொடுக்கின்றன. அருகிலுள்ள கிட்டங்கியில் மாரிதோறும் அடைத்து நிற்கும் ஆற்றுவாழையும் அப்படித்தான்: வெயிலில் தழைத்து, நீரில் அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. நிலத்தடியிலிருந்து தோண்டி எரிக்கும் எண்ணெயின் புகையை இந்தச் சுற்றோடு ஒன்றாக எண்ண முடியாது.

சுற்றை மாற்றியது மனிதக் கைதான். இந்த வெளிக்கு மேலே பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை கட்டும் வேலை 1949இல் தொடங்கியது. அணையின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியபோது மேட்டுக் காடுகள் நீருக்கடியில் போயின. பல தலைமுறையாக மரத்தில் சேர்ந்த காபன் சில பத்தாண்டுகளில் அழுகி வெளியேறும் வழி அது. கீழே, வெள்ளத்தின் வேளையை வானத்தோடு வாய்க்கால் மதகும் தீர்மானிக்கத் தொடங்கியது.

அணை இல்லாவிட்டால் சிறுபோகம் ஏது என்று கேட்பது நியாயமே. கீழ்வெளி வயல்கள் இரு போகம் கண்டது அந்த நீரால்தான். நீர் தேங்கும் வயலில் மெதேன் உண்டாகிறது என்பதும் உண்மை; நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வெப்பம் பிடிக்கும். ஆனால் அதற்குப் பரிகாரம் வயலை இழப்பதல்ல. இடையிடையே நீரை வடித்து மீண்டும் பாய்ச்சினால் மெதேன் வெகுவாகக் குறையும். மதகும் நீரைப் பங்கிடும் வட்டை விதானையும் உள்ள இடத்தில் அது கைகூடாத காரியமல்ல. மாறாக, வீடு கட்டத் தாழ்நிலத்தை வடித்துக் கிரவல் கொட்டி நிரவினால் சேற்றில் சேர்ந்த காபன் காற்றுப் பட்டுக் கரையும், அதைத் திரும்ப எடுக்கப் பயிரும் இராது, மாரி வெள்ளம் வளவுகளுக்குள் ஏறும். கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கி வாழும் ஊருக்கு வீட்டு நிலம் தேவைதான். அந்தத் தேவைக்கு வேறு வழி தேடுவது அரசின் கடமை. அதற்கு வட்டையை விலையாகக் கொடுக்கக் கூடாது.