கைபேசியில் வால்மீன்



நேற்று பேரன் கைபேசிச் செயலியில் ஹாலி வால்மீனைத் தேடினான். நெப்டியூன் பாதைக்கும் அப்பால் கிடப்பதை நொடியில் காட்டிவிட்டது. எனக்குப் பாரிஸ் நகரத்து மெசியே ஞாபகம் வந்தது.

1682-ல் தெரிந்த வால்மீன் 1758 வாக்கில் திரும்பும் என்று ஹாலி எழுதிவைத்திருந்தார். வியாழனும் சனியும் இழுப்பதால் எவ்வளவு தாமதமாகும் என்று கிளேரோ, லலாந்து, லெபோட் அம்மையார் மூவரும் மாதக்கணக்கில் கையாலேயே கணக்குப் போட்டார்கள். 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும் என்றார்கள். மார்ச் 13-ல் நெருங்கியது. ஒரு மாதப் பிழைதான்!

மெசியேவோ, மேலதிகாரி டெலீல் வரைந்த படத்தை நம்பி ஒரு வருடத்துக்கும் மேலாகத் தவறான இடத்தில் தேடினார். அதற்குள் 1758 கிறிஸ்துமஸ் இரவில், டிரெஸ்டன் அருகே பாலிட்ச் என்ற விவசாயி பார்த்துவிட்டார்! மெசியே கண்டது ஜனவரி 21-ல். அப்போதும் அதை வெளியில் சொல்ல டெலீல் விடவில்லை, பாவம்.

செயலி வைத்திருப்பவர்கள், புது வால்மீனைத் தேடும் முன் அதிலுள்ள பாதைக் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கு டெலீல் படம் மாதிரிதான்.

1986-ல் பள்ளி மைதானத்தில் என்னோடு ஹாலியைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மங்கலாகப் பஞ்சுபோல் இருந்ததே! அடுத்து 2061-ல் வருகிறது. பேரனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.