'ஒண்ணுமில்ல, விடு!' - காக்ளியர் இம்ப்ளான்ட் குழந்தைகளை ஒதுக்கும் ஒரு வார்த்தை

ஸ்கூல்ல லஞ்ச் பெல் அடிச்சாச்சு. டிபன் பாக்ஸோட ஆறு பேர் வட்டமா உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தன் ஜோக் சொல்ல, எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒரு விநாடி தாமதமா அவளும் சிரிக்கிறா. அவ காதுக்குப் பின்னால சின்ன மெஷின். தலையில காந்தத்தால் ஒட்டியிருக்கும் ஒரு வட்டம். 'என்னடி சொன்னான்?'னு பக்கத்துல கேட்டா, வர்ற பதில்... 'ஒண்ணுமில்ல, விடு!'

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் இலவசமா செய்றாங்க. அதனால உங்க தம்பி, தங்கச்சி கிளாஸிலேயே இப்படி ஒரு குழந்தை இருக்கலாம்.

ஹியரிங் எய்டு சத்தத்தைப் பெரிசாக்கும். இம்ப்ளான்ட் செய்யும் வேலை வேற. வெளியே இருக்கும் பிராசஸர் சத்தத்தை சிக்னலாக்கி, தோலுக்கு அடியில் பொருத்தின கருவிக்கு அனுப்பும். அது, நத்தை வடிவ உள்காதுக்குள்ள இருக்கும் மின்முனைகள் வழியா கேட்கும் நரம்பைத் தூண்டும். சுவிட்ச் ஆன் பண்ணினதும் பேச்சு புரிஞ்சிடாது. வருஷக்கணக்கில் பயிற்சி வேணும். சின்ன வயசுலயே ஆபரேஷனும் நல்ல பயிற்சியும் கிடைச்ச பல குழந்தைகள், சாதாரணப் பள்ளியில் மத்தவங்களோட சேர்ந்து நல்லாவே படிக்கிறாங்க.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்குது. நல்லா பேசுறாங்க, அப்போ எல்லாம் நல்லா கேட்குதுன்னு ஊரே முடிவு பண்ணிடுது. அமைதியான ரூம்ல ஒருத்தர் பேசினா புரியும். மேலே ஃபேன், பக்கத்து கிளாஸ் வாய்ப்பாடு, போர்டைப் பார்த்துக்கிட்டே பேசும் டீச்சர்... எல்லாம் சேர்ந்தா பேச்சு கலங்கிடும். அதுலயும் நம்ம தமிழ் இருக்கே, முக்கியமான விஷயத்தை வார்த்தையோட வால்லதான் வைக்கும். 'வந்தாங்க', 'வந்தாங்களா' ரெண்டுக்கும் வித்தியாசம் கடைசி எழுத்துல. சத்தத்துல முதல்ல காணாமப்போறதும் அதுதான். உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கலாம்னா, 'படம்', 'மடம்' ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும்.

இப்படி நாள் முழுக்க ஊகிச்சு ஊகிச்சு, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது குழந்தை சோர்ந்துபோயிருக்கும். சில குழந்தைங்க வந்ததுமே மெஷினைக் கழட்டி வெச்சிடுவாங்க. கழட்டினா முழு அமைதி. பாடம் நடக்கும்போது பேட்டரி தீர்ந்தாலும் அதே அமைதிதான். 'கவனிக்கல'ன்னு திட்டு விழுறது தனிக்கதை.

டீச்சர் சட்டையில மாட்டிக்கிற ரிமோட் மைக் இருந்தா, அவர் குரல் நேரா பிராசஸருக்கே போகும். அது இல்லைன்னா, முன் பெஞ்ச், முகம் பார்த்துப் பேசுறது, இந்த ரெண்டுமே பெரிய உதவி. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகளும் உண்டு. பெற்றோர் முன்கூட்டியே பள்ளியில் கேட்டு, சான்றிதழ்களைத் தயாரா வெச்சுக்கிறது நல்லது.

லஞ்ச் வட்டத்துக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. அங்கே ஃப்ரெண்ட்ஸ் மனசு வைக்கணும். ஒவ்வொருத்தரா பேசுங்க, ஜோக்கை இன்னொரு தடவை சொல்லுங்க. மொக்கை ஜோக்கா இருந்தாலும் பரவாயில்ல, மொக்கைன்னு அவங்களே சொல்லட்டும்.

டீன் ஏஜ் வந்ததும் சிலர் முடியை இறக்கிவிட்டு மெஷினை மறைப்பாங்க. சிலர் கலர் ஸ்டிக்கர் ஒட்டி மாஸ் காட்டுவாங்க. புது மாடல்கள் சிலதுல போன்ல ஓடுற பாட்டு நேரா உள்ளேயே கேட்கும். ஹெட்செட்டே இல்லாம கிளாஸ்ல பாட்டு... பக்கத்து பெஞ்சுக்குக் கொஞ்சம் பொறாமைதான்!