மூத்திரப்பை என்னும் ஆவணம்

1

தொழிலாளியின் உடலை நமது முற்போக்கு எழுத்து பெரும்பாலும் கையாகவும் தோளாகவுமே பார்த்துப் பழகியிருக்கிறது. அடிவயிற்றுக்குக் கீழே அது இறங்கியது குறைவு. ஆனால் தொழில் தரும் புற்றுநோயின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், சிறுவயதிலேயே புகைபோக்கி துடைக்கப் போனவர்களின் விதைப்பையில் வந்த புற்றுக்குப் புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார். அதுவரை அதைப் பால்வினை நோய் என்று கருதிப் பாதரசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதாவது தொழிலின் குற்றம் ஆளுடைய ஒழுக்கத்தின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. இந்தக் கணக்கெழுதும் முறை இன்னும் மாறவில்லை. ஆம்பூரை முன்வைத்து நான் சொல்ல வருவது இதைத்தான்.

1895இல் பிராங்பர்ட் நகரத்து லுட்விக் ரேன், பியூஷின் என்னும் சிவப்புச் சாயம் தயாரித்த தொழிலாளர் மூவருக்கு மூத்திரப்பையில் கட்டி இருந்ததை அறிவித்தார். அனிலின்தான் காரணம் என்று அவர் நினைத்தார். பென்சிடின், 2-நாப்தைலமீன் போன்ற அமீன்களே உண்மையான குற்றவாளிகள் என்பது பிறகு தெரிந்தது. டூபாண்ட் கம்பெனியில் இருந்த வில்ஹெல்ம் ஹூப்பர், 2-நாப்தைலமீன் நாய்களுக்கு மூத்திரப்பைப் புற்றை உண்டாக்குகிறது என்பதை 1938இல் வெளியிட்டார். அதற்குள் அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். பிரிட்டனில் 2-நாப்தைலமீன் உற்பத்தி நின்றது 1949இல். ரேனின் அறிக்கைக்கும் அதற்கும் நடுவே ஐம்பத்துநான்கு வருஷம்.

இந்த அமீன்களை நேரடியாகக் கையாளாத ஊர் ஆம்பூர். இங்கே வந்தது சாயம். ஆனால் பென்சிடினைக் கொண்டு செய்த அசோ சாயம் உடலுக்குள் போனால் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து மறுபடி பென்சிடினாக்கிவிடும். அது கல்லீரல் வழியாக மூத்திரத்தில் இறங்கி, பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கும். 'டைரக்ட் பிளாக் 38' தோலுக்கும் துணிக்கும் போடப்பட்ட கருப்புச் சாயம். அந்த இனத்தைச் சேர்ந்தது. அகமதாபாத்தில் அதைத் தயாரித்த தொழிலாளர்களின் மூத்திரத்தை 1990களில் சோதித்தபோது பென்சிடினின் தடயம் அதில் இருந்தது. பாஸ்டனில் 1972இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தோல் பொருள் தொழிலாளரிடம் இந்தப் புற்று கூடுதலாக இருப்பதைக் காட்டியது. 1987இல் நியூயார்க் மாநிலத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில், பினிஷிங் பகுதியில் வேலை பார்த்த மூவருக்கு விதைப் புற்று வந்தது பதிவானது. அவர்கள் கையாண்ட கரைப்பான் டைமெத்தில்பார்மமைடு. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்தியது.

2

எனக்குத் தெரிந்த ஒருவர் சாய டிரம்மில் பதினெட்டு வருஷம் நின்றவர். ஒருநாள் ஒண்ணுக்குல ரத்தம். வலி கிடையாது. "சூடுப்பா, இளநி குடி" என்றார்கள். குடித்தார், நின்றுவிட்டது. எட்டு மாசம் கழித்து மறுபடி. இந்த நோயின் தந்திரமே இதுதான்: வலிக்காமல் வரும், தானே நிற்கும், குணமானதுபோல் நடிக்கும். வெந்தயத்துக்கும் நீர்மோருக்கும் அந்தப் பெருமை போய்ச் சேரும்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கேட்ட முதல் கேள்வி, "பீடி குடிப்பியா?" கேட்க வேண்டிய கேள்விதான். மூத்திரப்பைப் புற்றுக்கு உலகெங்கும் முதன்மைக் காரணம் புகையிலை. அந்தப் புகையிலும் இதே 2-நாப்தைலமீன் இருக்கிறது. ஆம்பூரின் ஒவ்வொரு நோயாளிக்கும் சாயமே காரணம் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் இரண்டாவது கேள்வி வரவில்லை. அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'பழக்கம்: பீடி, நாளைக்கு ஒரு கட்டு. தொழில்: கூலி.'

இந்த ஒற்றைச் சொல்லைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். பீடிக்கு எண்ணிக்கை உண்டு, கால அளவு உண்டு. தொழிலுக்குப் பொருளில்லை, இடமில்லை, ஆண்டில்லை. பழக்கம் ஆளுக்குச் சொந்தம், ஆகவே குற்றம் ஆளுடையது. தொழில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு 'கூலி'. பதினெட்டு வருஷச் சாயம் இரண்டு எழுத்துக்குள் கரைந்துபோகிறது. 1775இன் பாதரசம் வேறு பெயரில் தொடர்கிறது.

தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் செய்த திருத்தம், 'தொழில்சார் புற்றுநோய்' என்பதை அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. வைத்தியம் பார்க்கும் மருத்துவர் அதைத் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். 'கூலி' என்று மட்டும் தெரிந்த மருத்துவர் எதை எழுதுவார்?

3

இந்தத் தோல் பட்டையில் கணக்கெடுப்பே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாழானதைப் பேசியது. பதனிடுதலில் 170 வகை ரசாயனம் புழங்குவதைக் குறிப்பிட்டது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. அதன் வழி அமைந்த ஆணையம் 2001இல் ஏறக்குறைய 29,000 விவசாயிகளுக்கு இழப்பீடு நிர்ணயித்தது. நிலம் பேசியது, கிணறு பேசியது. அது பெரிய வெற்றி.

செருப்பும் பேசியது. உடலில் படும் பொருள்களில் சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனி 1994இல் தடை கொண்டுவந்தது. இந்திய அரசு பென்சிடின் சாயங்களை 1993 முதலும், வேறு பல அசோ சாயங்களை 1997இலும் விலக்கியது, மொத்தம் 112. ஏற்றுமதித் தோலில் இந்த அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சோதனைச் சான்றிதழ் வேண்டும். போட்டு நடக்கிறவரின் பாதத்துக்காக வந்த சட்டம் டிரம் பக்கத்தில் நின்றவனையும் ஓரளவு காப்பாற்றியது, பக்க விளைவாக. தோலுக்குச் சான்றிதழ் கிடைத்தது. தோலாளின் மூத்திரத்தைச் சோதிக்கச் சொல்லி எந்த வாங்குபவரும் கேட்கவில்லை.

அந்தத் தடையோடு கதை முடிந்துவிடவும் இல்லை. இந்தப் புற்று வெளிப்பட இருபது வருஷம், சிலருக்கு அதற்கும் மேலே ஆகும். 1985இல் இருபது வயதில் சாயத்துக்குப் போனவருக்கு 2025இல் அறுபது. சாயம் போய்விட்டது; சில தோல் ஷாப்புகளும் போய்விட்டன; உடல் மட்டும் மிச்சம்.

4

வைத்தியம் தூரத்தில் இல்லை. ஐம்பது கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி.; 1971இலேயே சிறுநீரக மாற்று அறுவை நடந்த இடம். இங்கே பற்றாக்குறை நாட்களுக்குத்தான். மூத்திரத் துவாரம் வழியே கருவி விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுப்பது முதல் கட்டம். திரும்பி வராமலிருக்க பி.சி.ஜி. மருந்தைக் குழாய் வழியே பைக்குள் விட்டு இரண்டு மணி நேரம் அடக்கி வைக்கச் சொல்வார்கள். வாரம் ஒன்று, ஆறு வாரம். பிறகு சிலருக்கு மூன்று வருஷம் வரை இடைவெளி விட்டுத் தொடரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பைக்குள் கருவி விட்டுப் பார்க்க வேண்டும்.

பி.சி.ஜி. தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1948இல் கிண்டியில் அதற்கு ஆய்வுக்கூடம் வந்தது. 1955இல் ராஜாஜி அந்தக் காசநோய்த் தடுப்பூசியை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று காட்டியது. அதே கிருமி மூத்திரப்பைப் புற்றுக்கு மருந்தாகும் என்று 1976இல் கனடாவில் அல்வாரோ மொராலஸ் அறிவித்தார். நெஞ்சில் தோற்றது அடிவயிற்றில் ஜெயித்தது. ஆனால் அது ஜெயிக்க வாரம் ஒருநாள் வேண்டும். ஒருநாள் என்றால் ஒருநாள் சம்பளம், பஸ் காசு, கூட வருகிறவரின் சம்பளம். பாதியில் நின்றுபோகிறவரை மருத்துவமனைக் குறிப்பு 'வரவில்லை' என்று முடித்துவிடும். மறுபடி குற்றம் ஆளுடையது.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் புற்றுநோயாளிக்கு இரண்டு வருஷம் வரை எண்பது சதவீதச் சம்பளம் தர வழி உண்டு. அதற்கு இரண்டு வருஷத் தொடர் வேலை பதிவில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி மருத்துவம் பெறலாம்; ஐந்து வருஷமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். மேஸ்திரியின் நோட்டில் மட்டும் பேர் இருந்த காண்ட்ராக்ட் ஆளுக்கு இரண்டும் இல்லை. நோய் இருபது வருஷம் காத்திருக்கிறது, பதிவு காத்திருப்பதில்லை.

பையையே எடுத்துவிட நேர்ந்தால், சிறுகுடல் துண்டு வழியே வயிற்றில் ஒரு வாய் திறந்து, வெளியே பிளாஸ்டிக் பை ஒட்டுவார்கள். தோல் வேலை பார்ப்பதாலேயே 'நாத்தம்' என்று ஒதுக்கப்பட்ட தலித் உடலுக்கு இது இரண்டாவது தீட்டு. தொழுகையை நிறுத்திவிட்ட முஸ்லிம் முதியவர்களும் உண்டு. மூத்திரம் நிற்காதவர் ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் புதிதாக ஒளு செய்து தொழலாம் என்று மார்க்கச் சட்டம் முன்பே வழிவிட்டிருக்கிறது. அதை அவரிடம் ஒரு ஆலிம் சொல்ல வேண்டும். மாற்றுப் பை மாதாமாதம் கிடைக்க வேண்டும். ஆதரவு என்பது இவ்வளவு சின்னச் சின்ன விஷயம்தான்.

தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சங்கத்தில் ஒரு நோட்டுப் போடுங்கள். சாயத்திலும் ஸ்பிரேயிலும் வேலை பார்த்த பழைய ஆட்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதுங்கள்: எந்த ஷாப்பு, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, டப்பாவில் என்ன பேர் இருந்தது. ஒண்ணுக்குல ஒரு தடவை ரத்தம் வந்தாலும், நின்றுவிட்டாலும், காட்டச் சொல்லுங்கள். போகும்போது அந்தப் பக்கத்தின் நகல் கையில் இருக்கட்டும். சீட்டில் 'கூலி' என்று எழுதவந்தால் அதைக் கொடுத்து, இதை எழுதுங்க டாக்டர் என்று சொல்லலாம்.