மதிப்பெண் பட்டியலும் குற்றப் பதிவேடும்: ஒரு நூற்றாண்டு ஆய்வுத் தடம்

படிப்பில் பின்தங்கிய மாணவர்களிடையே குற்ற வழக்கில் சிக்குவோர் விகிதம் சற்றுக் கூடுதலாக இருப்பதைக் குற்றவியலாளர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. அதற்கு என்ன காரணம் என்பதில்தான் சண்டை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பின்னர் சுவீடனிலும் நடந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால், பழி முதலில் பிள்ளையின் மூளைமேல் விழுந்து, பிறகு பள்ளிமேல் விழுந்து, கடைசியில் கல்விச் சட்டத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது தெரியும்.

1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்காக. நியூ ஜெர்சியில் ஹென்றி கோடார்ட் அதைக் குற்றவாளிகளை அளக்கும் கோலாக மாற்றினார். குற்றத்தின் வேர் மந்தபுத்தி என்று 1914இல் நூலே எழுதினார். இலண்டன் பள்ளிகளின் உளவியலாளராக இருந்த சிரில் பர்ட் 1925இல் வெளியிட்ட நூலில் 197 இளங்குற்றவாளிகளை 400 பிற பிள்ளைகளோடு ஒப்பிட்டார். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் அவர்களில் சிலரே. வகுப்புப் பாடத்தில் பின்தங்கியவர்களோ பலர். கோடார்டின் முடிவை ஆட்டம் காணவைத்த வேறுபாடு இது. (பர்ட்டின் பிற்கால இரட்டையர் ஆய்வுகள் பெரும் சந்தேகத்துக்கு உள்ளாயின. இந்த நூலை அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவது நியாயமில்லை.)

1955இல் ஆல்பர்ட் கோஹன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். நடுத்தர வர்க்கத்தின் அளவுகோலால் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளி அளக்கிறது. தோற்றவன் தன்னைப் போலத் தோற்றவர்களோடு கூடி, அந்த அளவுகோலையே எதிர்க்கிறான் என்றார். டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் வேறொரு வழி சொன்னார். கலிபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதி மாணவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய தரவு அவருடையது. படிப்பு வராத பிள்ளைக்குப் பள்ளி பிடிக்காமல் போகிறது. பள்ளி பிடிக்காதவன் ஆசிரியர் சொல்லை மதிப்பதில்லை. பள்ளியோடு இருந்த கட்டு அறுந்த இடத்தில் குற்றம் நுழைகிறது. கோஹனுக்குப் பள்ளி காயப்படுத்தும் இடம், ஹிர்ஷிக்கோ பிடித்து நிறுத்தும் இடம்.

இருவரில் யார் சரி என்று பார்க்க இடைநிற்றல் நல்ல சோதனைக்களம். பள்ளிதான் காயப்படுத்துகிறது என்றால், அதை விட்டு வெளியேறியதும் குற்றம் குறைய வேண்டும். டெல்பர்ட் எலியட்டும் ஹார்வின் வாஸும் கலிபோர்னிய மாணவர்களை உயர்நிலைப் பள்ளிக் காலம் முழுவதும் தொடர்ந்து கவனித்து, அப்படித்தான் குறைகிறது என்று 1974இல் எழுதினார்கள். 1985இல் டெரன்ஸ் தார்ன்பெரியின் குழு பிலடெல்பியாவில் 1945இல் பிறந்த ஆண்களின் பதிவேடுகளை இருபதுகளின் நடுப்பகுதிவரை பார்த்தது. அங்கே, விலகியவர்களிடம் குற்றம் கூடியிருந்தது. பள்ளியின் கெடுபிடியிலிருந்து விடுபட்ட நிம்மதி உடனே தெரிகிறது, வேலை கிடைக்காததன் விலை பிறகுதான் தெரிகிறது என்று இந்த முரணை வாசிக்கலாம். குறுகிய காலத் தரவை வைத்து எழுதும் எவரும் இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

இதற்கிடையே மைக்கேல் ரட்டர் குழுவினர் இலண்டனின் 12 மேல்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1979இல் ஒரு நூல் வெளியிட்டனர். சேரும்போது மாணவர்களிடம் இருந்த வேறுபாடுகளைக் கழித்த பிறகும், பள்ளிக்குப் பள்ளி வருகையும் தேர்ச்சியும் குற்ற விகிதமும் மாறின. ஆக, எல்லாப் பழியையும் வீட்டின்மேல் போட முடியாது.

மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில் 1962இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளிச் சோதனை இன்னும் வியப்பானது. வறுமையில் வளர்ந்த 123 கறுப்பினக் குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் தரமான முன்பள்ளிக் கல்வி கிடைத்தது. அவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் ஏறியது. சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்றம் கரைந்தும் போனது. திட்டம் தோற்றது என்று அப்போதே மூட்டை கட்டியிருப்பார்கள். ஆனால் 40 வயதில் கணக்கெடுத்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் முன்பள்ளிக்குப் போனவர்களில் 36 விழுக்காடு, போகாதவர்களில் 55 விழுக்காடு. சோதனைத்தாளில் மறைந்த பலன் வாழ்க்கையில் மறையவில்லை. எண்ணிக்கை சிறியது என்ற குறை உண்டு. முடிவின் திசையை அது மாற்றாது.

இருந்தாலும், படிப்பில் பின்தங்குவதும் குற்றமும் இரண்டுமே வறுமையின் பிள்ளைகளாக இருக்கலாமே என்ற ஐயம் தீரவில்லை. அதற்குப் பொருளியலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். கட்டாயக் கல்வி வயதைச் சட்டம் உயர்த்தும்போது, பிள்ளையின் அறிவோ வீட்டு நிலையோ மாறுவதில்லை. பள்ளியில் இருக்கும் காலம் மட்டும் நீள்கிறது. லான்ஸ் லோக்னரும் என்ரிக்கோ மொரெட்டியும் அமெரிக்க மாநிலச் சட்டங்களை இப்படிப் பயன்படுத்தி, படிப்பு கூடினால் சிறைவாசம் குறைகிறது என்று 2004இல் காட்டினர். பிரிட்டனில் 1972இல் வயதெல்லை 15இலிருந்து 16 ஆனதை ஆராய்ந்தவர்கள் சொத்து தொடர்பான குற்றங்கள் குறைந்ததைக் கண்டனர். சுவீடனில் ஒன்பதாண்டுப் பள்ளித் திட்டம் ஒரே நாளில் வரவில்லை. ஊராட்சி ஊராட்சியாகப் படிப்படியாக வந்தது. அதனால் அடுத்தடுத்த ஊர்ப் பையன்களை ஒப்பிட முடிந்தது. கூடுதலாக ஓராண்டு படித்தால் ஆண்கள் தண்டனை பெறும் வாய்ப்பு 6.7 விழுக்காடும், சிறை செல்லும் வாய்ப்பு 15.5 விழுக்காடும் குறைவதாக 2015இல் வெளியான அந்த ஆய்வு கணக்கிட்டது.

இத்தனைக்கும் பிறகு உறுதியாக நிற்கும் சான்று மதிப்பெண்ணைப் பற்றியதல்ல, பள்ளியில் நிலைத்திருக்கும் ஆண்டுகளைப் பற்றியது. குறைந்த மதிப்பெண் வாங்கியவனை நாளைய குற்றவாளியாகப் பார்க்கும் ஆசிரியருக்கு இந்த வரலாற்றில் ஆதாரம் இல்லை. இந்தியாவின் 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை மட்டுமே காக்கிறது. சுவீடனும் பிரிட்டனும் பலன் கண்டது பெரும்பாலும் 14ஐத் தாண்டிய ஆண்டுகளில். நம் நாட்டில் இடைநிற்றல் மிகுவதும் அந்த வயதில், 9, 10ஆம் வகுப்புகளில்தான். வயதெல்லையை 16 ஆக்குவது பற்றிக் கல்வித் துறையும் சமூக நலத் துறையும் சேர்ந்து பேசத் தொடங்க வேண்டும்.