இஸ் பியார் கோ க்யா நாம் தூன்?

ஸ்டார் பிளஸ் 2011 ஜூன் முதல் 2012 நவம்பர் வரை ஒளிபரப்பிய இந்தித் தொடர். தில்லித் தொழிலதிபர் அர்ணவ் சிங் ராய்சாதாவாக பருண் சோப்தியும், லக்னோ பெண் குஷி குமாரி குப்தாவாக சனாயா இரானியும் நடித்தனர். முட்டிமோதிக்கொள்ளும் இருவருக்கிடையே வளரும் காதலே கதை. தொடரின் உயிர் ‘ரப்பா வே’ என்ற பாடல்தான். இருவரும் நெருங்கும் கணங்களில் வசனம் அடங்கி அந்த இசை எழும். அவர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கும் அன்பைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே உணர்த்திவிடும். பேச்சைவிடக் கண்களையும் மௌனத்தையும் நம்பி இருவரும் நடித்ததால்தான், எத்தனை முறை ஒலித்தும் அது சலிக்கவில்லை. 2013இலும் 2017இலும் இதே தலைப்பில் வந்த தொடர்களின் கதைகள் வேறு. முதல் தொடர் தமிழில் ‘இது காதலா’ என்ற பெயரில் விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.